தையல்கடை வரைக்கும்

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. அத்தானுக்கு இருமல் தேவலையா? சின்னவளுக்குப் பரீட்சை முடிந்ததா?

நீ நான்கு தடவை போனில் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபம் இல்லை. பேச உட்கார்ந்தால் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. போன வியாழக்கிழமை அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும். நான் அழவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடங்களில் போட்டேன். கேன்டீனில் டீ குடித்தேன். அதில் சர்க்கரையே இல்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

செருப்பு கடித்த புண்தான், அக்கா. மீட்டர் கணக்கெடுக்கத் தெருத்தெருவாக நடக்கிறவருக்குச் செருப்பு கடிக்காதா என்று அவரும் விட்டுவிட்டார். ஒன்றரை மாதமாக ஆறவில்லை. விரல் கறுத்த பிறகு, கூட வேலை பார்ப்பவர்தான் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது. தினமும் தையல்கடை வாசலில் நிற்கிறார், கடைக்காரி ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பேசுகிறாள் என்று நீ இங்கே வந்து தங்கியிருந்தபோது பார்த்துச் சொன்ன நாளிலிருந்து ஐந்து மாதமாக நான் அவரோடு பேசவில்லையே. இரண்டு தடவை ஏன் என்று கேட்டார். தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பிறகு அவரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா கையில் பார்ப்பதுபோலவே கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். கையில் இருப்பதில் பாதிகூட இல்லையாம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிட்டதாம். சும்மா இருந்தால் வருகிற ரத்தம் போதும். நடந்தால் தசை கூடுதலாகக் கேட்கும், கிடைக்காது. கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். ரத்தம் போகாத காலில் சின்னப் புண்கூட ஆறாது என்றார். முப்பது வருட சிகரெட் செய்த வேலை என்றும் சொன்னார். நான் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். தரையைத் தொட்டதுபோல் இருந்தது.

எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது என்று அவரைக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீட்லேருந்து தையல்கடை வரைக்கும் போயிடுவேன் டாக்டர். அதுக்கு மேல ஒரு அடி வைக்க முடியாது. சும்மா நின்னா நாலு பேரு ஒரு மாதிரி பாப்பாங்களே, அதனால கண்ணாடிக்குள்ள தொங்குற துணியைப் பாக்குற மாதிரி நிப்பேன். அந்தம்மா பாவம்னு ஒரு ஸ்டூல் போட்டாங்க."

நீ பார்த்தது பொய் இல்லை, அக்கா. எல்லாம் நிஜம்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "நடக்க முடியலன்னு வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். வீட்லயும் ஏற்கெனவே கோபமா இருக்காங்க" என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த கால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் விரல்கள் மிஞ்சியிருக்கும் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூன் ஊதி, வழியை அகலப்படுத்திய பிறகுதான் விரல்களை எடுத்தார்கள். அதனால் பாதம் தப்பித்தது. இப்போது லேசாகச் சூடு இருக்கிறது. புண் ஆறியதும் தினமும் வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டுமாம்.

நேற்று அவர் சட்டைப்பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுக்குத்தானே இத்தனை நாளா பேசாம இருந்த? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்றார். நான் ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது உன்னிடமும் கேட்பார். நீயும் சிகரெட்தான் என்று சொல்லிவிடு, அக்கா. என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. அவர் இனிமேலும் அந்தத் தெருவில்தான் நடந்தாக வேண்டும், அந்தக் கடை வாசலில்தான் நின்றாக வேண்டும்.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் கை கால் சுகத்தோடு இருங்கள்.

உன் தங்கை