முகப்பலகையின் முனகல்

பெரம்பூர், சென்னை
4-11-2024

அன்புள்ள குமரேசன் அண்ணாவுக்கு,

எழிலரசியின் வணக்கம். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்காதே, அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர், உங்கள் நண்பர், வாசித்த டபுள் பேஸை, அந்த ஆளுயர வயலினை, வேனில் அனுப்பியிருக்கிறேன். அவர் போய் ஒரு வருஷமாகிறது. இனி மகள் தென்றல் வாசிக்கப் போகிறாளாம். தந்திக்கு அடியில் இருக்கும் முகப்பலகை கனம் ஜாஸ்தி, சத்தம் உள்ளேயே அடைபடுகிறது, உள்பக்கம் இழைத்தால் சரியாகும் என்கிறாள்.

இன்னொன்று. நான் மிக்ஸி போட்டால் அது மூலையில் தானாக முனகுகிறது. வாசிக்கும்போது அவர் தொண்டைக்குள் முனகுவாரே, அதே முனகல். பயமாக இருக்கிறது அண்ணா. அதையும் எடுத்துவிடுங்கள்.

தங்கை,
எழிலரசி

அடி அண்ணாமலை
18-11-2024

எழிலரசிம்மா,

பேஸைப் பிரித்து, பலகையை இழைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிற சுருளையெல்லாம் உன் அண்ணி கன்னியம்மாள் வெந்நீர் அடுப்புக்கு அள்ளிப் போகிறாள். "வெளிநாட்டு மரம் சீக்கிரமா பத்திக்குதுங்க"னு ஒரே குஷி.

பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் ஸ்பீக்கர் கட்டினார்கள். தந்தி இல்லாமல் வெறும் பலகை மேஜைமேல் கிடந்தது. கை வைத்தேன். முனகியது. என் காதுக்கு எதுவும் வரவில்லை, உள்ளங்கைக்கு என் நண்பன் மாறனைத் தெரிந்தது.

இடப்பக்கம் ஒரு திட்டு கனமாக நிற்கிறது. அதை இழைத்தால் முனகல் போய்விடும். ஆனால் எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாதும்மா. யோசித்து எழுது.

குமரேசன்

பெரம்பூர்
22-11-2024

அண்ணா,

யோசித்துவிட்டேன். மிக்ஸியைத் தொடப் பயந்து ஒரு வருஷமாகக் கடைச் சட்னி வாங்குகிறேன். இழைத்துவிடுங்கள்.

எழிலரசி

பெரம்பூர்
2-1-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பேஸ் வந்தது. தென்றல் வாசித்ததும் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து பார்த்தார். கூடமே நிறைந்துவிட்டது. உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தீர்கள்.

மிக்ஸி போட்டேன். ஒன்றும் இல்லை. பேஸைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை. மறுநாள் ஜாரில் எதுவும் போடாமல் ஓட்டினேன். "ஏம்மா காலி மிக்ஸிய ஓட்டறே?"னு தென்றல் கேட்டாள். "பிளேடு லூசா இருக்குது, பாக்கறேன்" என்றேன். தினமும் பார்க்கிறேன்.

அவர் செத்த அன்றுகூட வீடு இப்படி இல்லை அண்ணா.

அண்ணியைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். அந்த இடப்பக்கத் திட்டில் இழைத்த சுருள், அடுப்புக்குப் போனது போக, ஒரு பிடி இருந்தால் அனுப்புங்கள்.

எழிலரசி