நடுவில் ஒரு சிவப்பு

ஜன. 4, ஞாயிறு
வெயில், ஆனால் காற்று. மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். இந்த உப்புக் காற்றில் ஒரு வாரம் சும்மா விட்டால் ஊசியில் துரு.

யூடியூபில் ஒரு வெளிநாட்டுக்காரி வருடத் திட்டம் போட்டிருக்கிறாள். மாதம் ஒரு கட்டம், ஒவ்வொன்றும் ஒரு பழைய மாதிரி. பன்னிரண்டையும் சேர்த்தால் பெரிய ஒட்டுத்துணிப் போர்வை. நானும் போடப் போகிறேன். புதுத் துணி வாங்கக் கூடாது. வீட்டில் உடுத்தியது மட்டும்.

ஜன. - ஒன்பது சதுரம். அத்தாவின் பழைய கைலிகள்.
பிப். - மரவீடு. நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம், சுற்றிலும் பட்டை பட்டையாக.
மார்ச் - நோன்பு. சுலபமாக ஏதாவது.
ஏப். - பறக்கும் வாத்து. எல்லாம் முக்கோணம். பயம்.
மீதி பிறகு. கரடிக்கால் மாதிரி கண்டிப்பாக உண்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "மரக்காணத்து வேர்வைக்கு ரஜாயா? நல்லா இருக்கிற துணிய வெட்டி ஒட்டுப் போட்டா, நம்ம வீட்ல சோத்துக்கே இல்லன்னு நெனப்பாங்கடி."

ஜன. 7, புதன்
ஒன்பது சதுரம் அளவு குறைகிறது. தப்பு என்னுடையதுதான். பிளவுஸ் தைத்துப் பழகிய கை, பின்னால் பிரித்துவிட உதவும் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறது. போர்வை என்ன, பிள்ளை பெற்று உடம்பு போடவா போகிறது? மொத்தமும் பிரித்தேன். மறுபடி முதலிலிருந்து.

ஜன. 23, வெள்ளி
மரவீட்டின் நடுச் சதுரத்துக்காக வீடு முழுக்கத் தேடியாயிற்று. சிவப்பு என்று இருப்பது பீரோ மேல் தட்டில் என் நிக்காஹ் புடவை மட்டும். கட்டியவனை விட்டு வந்து ஆறு வருடம். புடவை அப்படியே.

"ரெண்டு இஞ்ச் போதும்மா."
"தொடாத. அத வெட்டினா இன்னொரு நிக்காஹ்வுக்கு எத உடுத்துவ?"
"அதே புடவையா?"
"புடவை என்ன பாவம் பண்ணுச்சு?"

எனக்கு இன்னொரு நிக்காஹ் வேண்டாம். இதை அம்மாவிடம் நேராகச் சொன்னதே இல்லை. சொன்னால் அழுவாள். இரண்டு இஞ்ச் கேட்பது சுலபமாக இருந்தது.

பிப். 3, செவ்வாய்
பனி. துவைத்தது எதுவும் காயவில்லை. பக்கத்து வீட்டு கதீஜா மாமி வந்தார், மாப்பிள்ளைச் செய்தியோடு. வானூரில் ஹார்டுவேர் கடை, மனைவி மவுத்தாகி ஒரு வருடம், இரண்டு பிள்ளைகள்.

"ஞாயித்துக்கிழமை பொம்பளைங்க மட்டும் வந்து பாத்துட்டுப் போவாங்க. சும்மா டீ குடிக்கத்தான்."
"வரட்டும்க்கா. புடவைகூட புதுசாட்டமே இருக்குது," என்றாள் அம்மா.

அதே அறையில்தான் நான் ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபத்தில் நூலை அறுத்துவிட்டேன்.

மரவீடு: பட்டைகள் தயார். நடு காலி.

பிப். 6, வெள்ளி
அத்தா ஜும்ஆவுக்குப் போன பிறகு அம்மா பீரோவைத் திறந்தாள். புடவைக்கு வெயில் காட்ட வேண்டுமாம். கட்டிலில் வைத்து ஒரு மடிப்பைப் பிரித்தாள். பட்டு மடிப்போடு விட்டுப்போயிருந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். கட்டில் நிறையச் சிவப்புத் துண்டுகள்.

"மடிப்ப மாத்தி மாத்தி வைக்கணும்னு எனக்குத் தெரியாதா? தொடவே மனசு வரலடி."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில். அப்போதுதான் சொன்னேன்: "எனக்கு வேணாம்மா. புடவை நல்லா இருந்திருந்தாலும் வேணாம்."

அம்மா அழவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டாள்.

பிப். 7, சனி
காலையில் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல். போனில், கதீஜா மாமியிடம். ஒரு சுவர்தான் நடுவில், நேரில் போக முகமில்லை போல.

"நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடுங்கக்கா... இல்ல, அவளுக்கு இஷ்டம் இல்ல... ஆமா, அவதான் சொன்னா... புடவையா? அத வெட்டியாச்சு."

நான் இன்னும் கத்தரியையே எடுக்கவில்லை.