சூடு ஆறும் வரை

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் சமைக்கும் வீட்டின் காரை ஓட்டிக்கொண்டு நேற்று காய்கறி வாங்கப் போனேன். வழியில் இன்ஜின் சூடேறி ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி, ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன். "கையை எடுடி! ஆறட்டும், மூஞ்சி வெந்துடும்!" என்று, அன்று எனக்கு வண்டி ஓட்டப் பழக்கும்போது நீங்கள் போட்ட சத்தம் காதில் விழுந்தது. சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே காத்திருந்தேன். நன்றாக ஆறிய பிறகு துணி போட்டுத் திறந்து, டிக்கியிலிருந்த கூலன்டை ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

ஊருக்குப் போன் செய்தால் நம் பிள்ளைகளே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். அதனால், பிரேக் ஆயில் எந்தக் கோடு வரை நிற்கவேண்டும் என்று உங்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள். பதில் எனக்கே தெரியும். ஆனாலும் திட்டியே சொல்லுங்கள்.

அடுப்பில் பால் பொங்குகிறது.

உங்கள் வீட்டுக்காரி