அக்காவிடம் பழகிய சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

முப்பத்தொன்பது வயதில் எனக்கு ஆட்டிசம் என்று இன்று டாக்டரம்மா சொன்னார். "புதுசா வந்தது இல்ல. பொறந்ததுல இருந்தே இருக்கு. நீங்க மறைச்சுப் பழகிட்டீங்க." அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை.

வெளியே என் வீட்டுக்காரர் தன் டிரைவிங் ஸ்கூல் காரில் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதனால என்ன? நீ நீதானே" என்றார். என்னைத் தேற்ற ஒரு ஜோக் சொன்னார். சிரித்தேன். சரியான நேரத்தில், சரியான அளவில், கையால் வாயை மூடிக்கொண்டு.

அங்கேதான் உறைத்தது. அது என் சிரிப்பே இல்லை. அக்காவுடையது. பதினைந்து வயதில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று அவளைப் போலவே சிரித்துச் சிரித்துப் பழகியது. "இவ சிரிப்புலதான் நான் விழுந்தேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 4

சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உனக்கா? நல்லாத்தானேடி இருக்கே. எல்லாரையும் போலத்தானே பேசறே, சிரிக்கறே?"

"அது உன் சிரிப்புக்கா."

"இத அவர்கிட்ட உளறி வைக்காதே. மனசு விட்டுடுவாரு" என்றாள்.

என் வாயில் எதுவும் நிற்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுதான் பயம்.

மார்ச் 11, புதன்

உளறிவிட்டேன்.

சாப்பிடும்போது கதை சொன்னார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற ஒரு பெண்மணி, திருப்பம் வந்தாலே, கொளுத்துகிற வெயிலில், வைப்பரைப் போட்டுவிடுகிறாராம். இவர் வைத்திருக்கும் பெயர் வைப்பரம்மா. "மழை உங்களுக்கு மட்டும் பெய்யுதாம்மான்னு கேட்டேன்" என்று முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நாள் முழுக்கக் கடையின் பின்னறையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்த்துவிட்டு வந்திருந்தேன். சிரிக்கத் தெம்பில்லை.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

சொல்லிவிட்டேன். அக்கா, குளியலறைக் கண்ணாடி, எல்லாவற்றையும்.

"எல்லாத்துக்குமே அப்படித்தானா?"

இல்லை என்றிருக்கலாம். பொய் வரவில்லை. "பெரும்பாலும்" என்றேன்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சாயங்காலமே கழுவிய காரை மறுபடி கழுவப் போனார்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி சொன்னே? சொன்னதுதான் சொன்னே, பெரும்பாலும்னு கணக்கு வேற சொல்லணுமா?

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் கதை நின்றுவிட்டது. "உப்பு." "கதவச் சாத்திக்கோ." "வரேன்." அவ்வளவுதான். போனில் நண்பரோடு பேசிச் சிரிக்கிறார். நான் உள்ளே போனால் குரல் இறங்கிவிடுகிறது. கோபமா, வருத்தமா? முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். ஒன்றுமில்லை என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லையா?

போயிடுவாரோ? இத்தனை வருஷம் நடிச்சவளோட எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு தோணியிருக்குமோ? நான் நடிக்கல. இல்ல, நடிச்சேன். ஆனா ஏமாத்தல. இத எப்படி அவருக்குச் சொல்றது?

நேற்று கடையில் இரண்டு லென்ஸை வீணாக்கினேன்.

மார்ச் 19, வியாழன்

பொறுக்க முடியவில்லை. அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"உங்க கதை எனக்குப் பிடிக்காம இல்ல. எல்லாரும் சிரிக்கறப்ப நான் இன்னும் அந்த வண்டிக்குள்ளதான் உக்காந்திருப்பேன். கேக்கறதுக்கு நிறைய இருக்கும். கேட்டா கதை கெட்டுடும்னு சிரிச்சு வெச்சுடுவேன்."

"என்ன கேக்கணும்?"

"அவங்க எதுக்கு வைப்பரப் போடறாங்க? பயத்துல கை தடுமாறினா ஒரு நாள் ஹாரன் அடிக்கணும், ஒரு நாள் லைட்டப் போடணும். எப்பவும் வைப்பரே எப்படி?"

"தெரியல. நான் கேட்டதில்ல" என்றார். போய்ப் படுத்துவிட்டார்.

இன்னும் கெடுத்துவிட்டேனா?

மார்ச் 24, செவ்வாய்

செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்கு வந்தார். "கேட்டுட்டேன்."

வைப்பரம்மா முன்பு தன் அண்ணன் வண்டியில் பழகியவராம். அதில் திருப்பத்தில் போடும் இண்டிகேட்டர் இருக்கும் பக்கத்தில், இவர் வண்டியில் வைப்பர் இருக்கிறது. கை பழக்கப்பட்ட இடத்துக்குத்தான் போயிருக்கிறது. "பயந்தாங்கொள்ளின்னு நெனச்சு கிண்டல் பண்ணிட்டிருந்தேன், பாவம்" என்றார். இன்று அந்த அண்ணன் வண்டியை இவரே ஓட்டிப் பார்த்தாராம். முதல் திருப்பத்திலேயே இருபது வருட வாத்தியார் வைப்பரைப் போட்டிருக்கிறார். தண்ணீர் வேறு பீய்ச்சி, பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் முகமெல்லாம் நனைந்துவிட்டது. வைப்பரம்மா இவர் பக்கம் திரும்பி, "மழை உங்களுக்கு மட்டும் பெய்யுதா சார்?" என்றாராம்.

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்திருப்பாரா? பார்த்திருப்பார். அப்போதுதான் வந்தது. மூக்கிலிருந்து ஒரு சத்தம், அப்புறம் விக்கல் மாதிரி, அப்புறம் நிற்கவே இல்லை. வாயை மூடவும் தோன்றவில்லை.

சோப்புக் கையோடு ஓடி வந்தார். "என்னாச்சு? மூச்சு முட்டுதா?" புரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரோட சிரிப்பு?"

"தெரியல" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானும் இப்பதான் கேக்கறேன்."

மார்ச் 25, புதன்

சாப்பிடும்போது ஒரு கதை சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, கேள்வியக் கேளு" என்றார்.