இருபத்து மூன்றாம் பக்கம்

திருப்போரூர்
18.11.1996

அன்புள்ள உங்களுக்கு,

லோகநாயகி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். பம்பாயில் பயிற்சி எப்படிப் போகிறது? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

உங்கள் கவிதைப் புத்தகம் நேற்று மாமல்லபுரத்தில் வெளியானது. நீங்கள் இல்லாததைத் தவிர வேறு குறையே இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. மற்றவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை அச்சகத்து மோசஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னாக்கா, முப்பத்திரண்டு பக்கத்துல பதினோரு பக்கம் வெறும் தலைப்புதான் கீது. சாரு எழுத மறந்துட்டாரா?" என்றார். உங்களுக்காக எவ்வளவு வாதாடினேன் தெரியுமா? 'கடல்' என்று போட்டு வெறுமையாக விட்டால் அது மௌனம், 'கடவுள்' என்று போட்டு விட்டால் அதுவும் மௌனம் என்று நீங்கள் வீட்டில் சொல்வதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். "கடவுளுக்குக் கரெக்டுதான்க்கா" என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் இருபத்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். தலைப்பு 'மனைவி'. கீழே ஒன்றுமில்லை.

பதினான்கு வருஷம். ஒரு வார்த்தைகூடவா கிடைக்கவில்லை? மோசஸிடம் பென்சில் வாங்கி, நீங்கள் சொல்வதுபோல் நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் எழுதும்போது
சத்தம் வரக் கூடாதென்று
விசிலுக்கு முன்பே
குக்கரை இறக்குகிறவள்.

(அந்த நாட்களில் பருப்பு வேகாததற்குக் காரணமும் இதுதான்.)

கூட்டத்தில் தலைவர் பேராசிரியர் சதாசிவம் வெள்ளைப் பக்கங்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு இந்த நான்கு வரியை இரண்டு முறை வாசித்து, இதுதான் கோதண்டராமனின் உச்சம் என்றார். ஒரே கைதட்டல். நானும் தட்டிவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். வாசலிலிருந்து மோசஸ், "அது சாரு எழுதுனதில்ல சார், அக்கா எழுதுனது. பென்சில் என்னுது!" என்று கத்திவிட்டார்.

தலைவர் என்னை மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எனக்கு வாயே திறக்கவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். அதற்கும் கைதட்டினார்கள். உங்கள் நண்பர்கள் அல்லவா.

கோபப்படாதீர்கள். நீங்கள் சொன்னால் அடுத்த பதிப்பில் அந்த நான்கு வரியையும் எடுத்துவிடச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போய் நாற்பது நாளாகிறது, ஒரு கடிதமும் இல்லை. இதையும் மௌனம் என்று ரசித்து வாசிக்க எனக்குப் படிப்புப் போதாது. சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒரு கார்டு போட்டால் போதும். நம்மூர்க் கோயில் கந்தசுவாமி உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
லோகநாயகி