நான்கு தடவை காலியான அட்டவணை

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழே முக்காலுக்கு, நாங்கள் மென்பொருள் எழுதித் தரும் டயாலிசிஸ் மையத்து நர்ஸ் போன் செய்தார். "சார், இன்னைக்கு யாருக்கு எந்த மெஷின்னு ஒண்ணுமே தெரியல. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

ஒரு மாதத்தில் மூன்றாவது தடவை. நோயாளிகளின் பெயர், வயது, இரத்த வகை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. யார் எந்த நாளில் எந்த மெஷினில் படுக்க வேண்டும் என்கிற முறை அட்டவணை மட்டும் காலி. சர்வரையும் டேட்டாபேஸையும் முந்தைய நாள் நகலுக்கு அப்படியே திருப்பி, மென்பொருளில் மாறிய பகுதிகளை, அதாவது மாட்யூல்களை, ஒவ்வொன்றாக என் கையாலேயே வைத்து, மறுபடி ஓட விட ஒன்றரை மணி நேரம் ஆனது. நகல் எடுத்த பிறகு செய்த மாற்றங்கள் போனது போனதுதான். ஒரு பெரியவருக்கு நேற்று முறை மாற்றியிருந்தார்களாம். அவர் வந்து நாற்காலியில் காத்திருந்திருக்கிறார், அவருடைய மெஷினில் வேறொருவர்.

மூன்று தடவைக்கும் பொதுவானது ஒன்று உண்டு. முந்தைய நாள் மாலை புதிய பதிப்பை ஏற்றி ரீஸ்டார்ட் செய்தது புதியவள். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் ஏற்றியபோது இப்படி ஆனதே இல்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். எங்கள் குழுத் தலைவன்தான். பெண் பார்க்கக் கிளம்பியவன் போலத் தினமும் இஸ்திரி கலையாமல் வருவதால் நான் மனதுக்குள் வைத்த பெயர். "பாத்துக்கலாம் சார், அவசரப்பட்டு யாரையும் சொல்ல வேணாம்" என்றான்.

ஏன் வேண்டாம்? யாரைக் காப்பாற்றுகிறான்?

மார்ச் 5, புதன்

மதியம் ஒன்றே காலுக்கு அவள் மாடிப்படியில் நின்று போன் பேசுகிறாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். குறித்து வைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

இந்த மென்பொருள் முன்பு ஒரே பாறை. ஓரிடத்தில் தட்டினால் வேறெங்கோ விரிசல் விடும். அதைப் பதினொரு மாட்யூலாகப் பிரித்தவன் நான். பத்தொன்பது மாத வேலை. ஒவ்வொரு மாட்யூலும் தன் தரவைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கென்று ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பெர்சிஸ்டென்ஸ் கோப்பு உண்டு. அதற்கு ஒரு பெயர், எந்த வகைத் தகவல் எந்த அட்டவணையில் போய் உட்கார வேண்டும் என்கிற பட்டியல், மென்பொருள் கிளம்பும்போது அட்டவணையை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. டேட்டாபேஸின் முகவரியும் கடவுச்சொல்லும் மட்டும் வெளியே, சர்வரில்.

முறை மாட்யூலின் கோப்பை இன்று மூன்று முறை திறந்து பார்த்தேன். அந்த ஒரு வரியில் 'வேலிடேட்' என்று இருக்கிறது. அட்டவணை சரியாக இருக்கிறதா என்று பார், கை வைக்காதே என்று அர்த்தம். என் கோப்பில் பிசகு இல்லை. ஆகவே கை வைப்பது ஒரு மனிதக் கை.

அந்தப் பத்தொன்பது மாதம் முடிந்த வாரத்தில்தான் தலைவர் பதவி மாப்பிள்ளைக்குப் போனது. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வாழ்த்துச் சொல்ல வரிசையில் நின்றேன். கை குலுக்கினேன். போய்க் கை கழுவினேன். மூன்று வருடம் ஆகப் போகிறது. நேற்று நடந்தது போல இருக்கிறது.

அவளை வேலைக்கு எடுத்ததும் அவன்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எதிரே உட்கார வைத்திருக்கிறான். எதற்கு?

மார்ச் 8, சனி

மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏங்க, அத அழிச்சு அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"நான் கட்டினது ஒழுகுதுன்னு ஊருக்குக் காட்டலாம்ல? அவன் சொல்லிக் குடுத்திருப்பான்."

"பக்கத்து வீட்டுக்காரர் சிரிச்சா ஏன் சிரிச்சார்னு கேப்பீங்க. சிரிக்கலன்னா ஏன் சிரிக்கலன்னு கேப்பீங்க."

"உன் தம்பி விஷயத்துல நான் சந்தேகப்பட்டது சரியாத்தானே போச்சு?"

"அது ஒண்ணு. அத வெச்சே பதினெட்டு வருஷம் ஓட்டிட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 10, திங்கள்

எச்.ஆர். அம்மாவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். மூன்று தேதிகள், மூன்று ரீஸ்டார்ட், ஒரே ஆள். 'தற்செயல் என்று கொள்வதற்கில்லை' என்று முடித்தேன். யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. உண்மைகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன், அவ்வளவே. வருகிற 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று அன்று முடிவு. கடிதம் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இன்றே கொடுத்தேன்.

மாப்பிள்ளைக்குப் பிரதி அனுப்பவில்லை.

மார்ச் 12, புதன்

நான்காவது தடவை. இந்த முறை பொறி வைத்திருந்தேன். அட்டவணையை யார் தொட்டாலும் பெயரும் நேரமும் டேட்டாபேஸிலேயே பதிவாகும்படி யாருக்கும் சொல்லாமல் செய்திருந்தேன். நர்ஸ் போன் வந்ததும் நகலுக்குத் திருப்பும் முன் பதிவைத் திறந்தேன்.

அவள் பெயர் இல்லை. எந்த மனிதர் பெயரும் இல்லை. நேற்று மாலை 6.42க்கு, மென்பொருள் கிளம்பிய அதே விநாடியில், மென்பொருளின் சொந்தக் கணக்கே அட்டவணையை அழித்து, அதே விநாடியில் புதிதாக, காலியாக உருவாக்கியிருக்கிறது.

கெட்டிக்காரி. தன் கையில் கறை படாமல் செய்கிறாள்.

ஆனால் எப்படி?

மார்ச் 13, வியாழன்

பத்து மணிக்கு அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு தாள்.

"சார், நீங்க எழுதுனத என்கிட்ட குடுத்துப் பதில் கேட்டாங்க."

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

"பதில் எழுதிட்டேன். தேதி ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்."

அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொடுத்தது ஒரு பட்டியல். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் செய்த ரீஸ்டார்ட் எல்லாம், மணி நிமிடத்தோடு. மொத்தம் எட்டு. எனக்குத் தெரிந்தது ஆறுதான்.

"இந்த ரெண்டு எனக்குத் தெரியாதே."

"யாருக்கும் தெரியாது சார். அன்னைக்கு ஒண்ணும் அழியல. ஆனா பண்ணது பண்ணதுதானே, எழுதிட்டேன்."

தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுப்பவளை என்ன செய்வது? எரிச்சலாக வந்தது. இதுவும் ஒரு உத்தியோ என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"எப்படி ஏத்துவீங்க?" என்று கேட்டேன். ஆறு மாதத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"ஃபோல்டர முழுசா காலி பண்ணிட்டு எல்லா மாட்யூலோட ஜார் ஃபைலையும் புதுசா காப்பி பண்ணுவேன். பழசு எதுவும் ஒட்டிட்டு இருக்கக் கூடாதுல்ல? அவசரம்னா மட்டும் மாறுன ஜாரை மட்டும் போடுவேன்."

"எந்தெந்த நாள் எப்படி?"

பென்சிலால் குறித்தாள். நான்கு நாள் முழுதாக. நான்கு நாள் மாறியதை மட்டும். முழுதாகச் செய்த நான்கும் அட்டவணை காலியான நான்கும் ஒன்றே.

நான் எப்போதும் மாறிய ஜாரை மட்டும்தான் வைப்பேன். அவள் செய்வதுதான் சுத்தமான முறை. அது எனக்குத் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

ஜார்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில். 'இதில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துக்கொள்' என்றுதான் மென்பொருளை ஓட்டும் ஜாவாவுக்குச் சொல்லியிருக்கிறோம், எந்த வரிசையில் என்று சொல்லவில்லை. முழுதாக அழித்துப் புதிதாகக் காப்பி செய்தால் வரிசை மாறுகிறது. மாறினால் என்ன கெட்டுப்போகும் என்று ஒவ்வொரு ஜாராகப் பிரித்துப் பார்த்தேன். வாடிக்கையாளருக்குச் செய்து காட்டுவதற்கென்று பொய் நோயாளிகளை நிரப்பித் தரும் ஒரு குட்டி மாட்யூல் இருக்கிறது. மாதிரி மாட்யூல் என்போம். உண்மையான சர்வருக்கு அது வரவே கூடாது, ஆனால் மூட்டை கட்டும்போது எல்லாவற்றோடும் சேர்ந்து வந்திருக்கிறது. அதனுள்ளே ஒரு பெர்சிஸ்டென்ஸ் கோப்பு. என் முறை மாட்யூலின் கோப்பை அச்சு அசலாக நகலெடுத்தது. பெயர்கூட மாற்றவில்லை. மாற்றியது ஒரே ஒரு வரி. 'வேலிடேட்' இருந்த இடத்தில் 'கிரியேட்'. கிளம்பும்போது இருப்பதை அழி, புதிதாகக் கட்டு.

ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் எங்கள் ஏற்பாட்டில் முதலில் கண்ணில் படுவதுதான் செல்லும். டேட்டாபேஸின் முகவரி வெளியிலிருந்து வருவதால் பொய்க் கோப்பு உண்மையான டேட்டாபேஸைத் திறந்துவிடுகிறது. சாவி சரி, ஆள் தப்பு.

யார் எழுதியது என்று மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தேன்.

மாப்பிள்ளை!

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். மூன்று வருடம் காத்திருந்தது வீண்போகவில்லை. எத்தனையோ நாளாக இவ்வளவு நன்றாகப் பசித்ததில்லை.

மார்ச் 15, சனி

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று வீட்டில் திறந்தேன். நேற்று மேல் பாதியோடு நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

எங்கள் குழுவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தராமல் எதுவும் உள்ளே போகாது. அந்த முறையைக் கொண்டுவந்தவனும் நான்தான். பக்கத்தின் அடியில் இருக்கிறது. ஒப்புதல் அளித்தவர் — நான்.

தேதியைப் பார்த்தேன். அவனுக்குப் பதவி கிடைத்த மறுநாள். ஞாபகம் வந்துவிட்டது. அன்று என் வரிசையில் பதினொரு மாற்றங்கள் காத்திருந்தன. அவனே தலைவன், அவனே கட்டிக்கொண்டு அழட்டும் என்று ஒன்றையும் திறக்காமல் பதினொன்றுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தேன். நான்கு நிமிடம். அதுவும் பதிவாகியிருக்கிறது.

படிக்கவே இல்லையேடா. ஒரு வரி... ஒரே ஒரு வரி படிச்சிருந்தா போதுமே. அந்தப் பெரியவர் நாற்காலியில உக்காந்திருந்தாரே, அது யாரால? அவளைப் போய் — எழுத முடியவில்லை.

மார்ச் 17, திங்கள்

பக்கத்தின் மேல் பாதியை மட்டும் படமாக எடுத்தேன். அவன் பெயர் தெரிகிறது. என் பெயர் தெரியவில்லை. 'ஆதாரம்' என்று பெயர் வைத்து எச்.ஆர். அம்மாவுக்கான மின்னஞ்சலில் இணைத்தேன். அனுப்பவில்லை.

ஏன்? மனசாட்சியா? இல்லை. கீழ்ப் பாதியை அவனும் திறந்து பார்க்க முடியும். பயம். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு எதிரே டிராயரைத் திறந்து மூடும் சத்தம். அவள் தன் சாமான்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் மூட்டை கட்டறதுக்கு இது பரவாயில்ல சார்."

தலை நிமிரவில்லை. மாடிப்படியில் இரண்டு வாரமாக அவள் பேசுவது வேறு வேலைக்காகவாம். அதையும் அவளே சொன்னாள், நான் கேட்காமலேயே.

மார்ச் 18, செவ்வாய்

முழுப் பக்கத்தையும் அனுப்பினேன். இரண்டு பெயரும். என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினேன். 'வருந்துகிறேன்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் பிரதி.

மனைவியிடம் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மார்ச் 19, புதன்

மாப்பிள்ளை கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். பழி வாங்கப் போகிறான் என்று தயாராகப் போனேன்.

"பேர மாத்தாம காப்பி அடிச்சது என் தப்பு சார். அன்னைக்கு இருந்த சந்தோஷத்துல கவனிக்கல."

நாற்காலியைக் காட்டினான். உட்கார்ந்தேன்.

"நீங்க பதினொண்ணையும் நாலு நிமிஷத்துல ஓகே பண்ணது எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா சண்டை வரும். பதவிக்கு வந்து ரெண்டே நாள். உங்ககிட்ட கேக்க எனக்கு..." கொஞ்சம் யோசித்து, "பயம் சார்" என்றான்.

பயமாம். என்னிடமாம். மூன்று வருடமாக என்னைக் கண்டதும் அவன் சிரிக்கும் சிரிப்பை ஏளனம் என்று வைத்திருந்தேன். நம்புவதா, வேண்டாமா? இன்னும் முடிவு செய்யவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அவளுக்கு வேலை நிரந்தரம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவனுக்கும் ஒன்று உண்டா என்று விசாரித்தேன். உண்டு.

அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். என் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மார்ச் 24, திங்கள்

திருத்தத்தை அவள்தான் எழுதினாள். ஒவ்வொரு மாட்யூலின் கோப்புக்கும் தனித்தனிப் பெயர், மாதிரி மாட்யூல் மூட்டையிலிருந்து வெளியே. நான் படித்தேன். நூற்றுநாற்பது வரிக்கு இரண்டு மணி நேரம். ஆறு இடத்தில் கேள்வி எழுதினேன். நான்குக்கு அவள் சொன்னது சரி. இரண்டைத் திருத்தினாள். வாய் வார்த்தை ஒன்றும் இல்லை, எல்லாம் எழுத்தில்.

மையம் மூடிய பிறகு, மாலை ஆறரைக்கு ஏற்ற வேண்டும். ஃபோல்டரை முழுதாகக் காலி செய்து எல்லாவற்றையும் புதிதாகக் காப்பி செய்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"ரீஸ்டார்ட் நீங்களே போடுங்க சார். நான் சாட்சிக்கு நிக்கிறேன்."

கையைக் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அட்டவணையில் 386 வரி இருக்கிறது என்றேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தன் மடிக்கணினியில் தானே எண்ணினாள். 386. அழுத்தினேன். கிளம்பியது. மறுபடி எண்ணினாள். 386.

"காலி பண்ணிட்டு இன்னொரு தடவை" என்றாள்.

386.

"இன்னொரு தடவை."

என்னிடம் யாராவது இப்படி நடந்துகொண்டால் அன்றைக்கே கணக்கில் எழுதி வைத்துவிடுவேன். இன்று எழுத ஒன்றும் தோன்றவில்லை. சொன்னதைச் செய்தேன். நான்காவது தடவையும் 386. ஐந்தாவதுக்கு நான் ஃபோல்டரைக் காலி செய்துகொண்டிருந்தபோது பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம், போடுங்க" என்றாள்.