கூடத்தை விழுங்கிய கார் நிறுத்தம்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நீங்களும் நம் மகளும் நலம்தானே? உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

எங்கள் அலுவலகம் ஒரு மருத்துவமனைக்கு வரைபடம் போடுகிறது. கார்களை இலவசமாக நிறுத்த இடம் போதவில்லை என்று, நோயாளிகளோடு வருபவர்கள் தங்கும் கூடத்தையே வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். கூட்டத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், இந்தப் பார்க்கிங் ஓசி இல்ல. பஸ்ல வர்றவங்க வராண்டாவுல படுத்து இதுக்கு விலை குடுக்கணும்."

முதலாளி முறைத்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். ஆனால் கூட்டத்துக்கு வந்திருந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ், "அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்தாங்க. எங்ககிட்ட பஸ்ல வர்றவங்கதான் அதிகம்" என்றார். பேசிப் பேசி, நிறுத்துமிடத்தைப் பாதியாக்கி, அதற்கும் கட்டணம் வைத்து, கூடத்தை மீட்டுவிட்டோம். அதை வரையும் பொறுப்பு எனக்கே!

மகள் கிறுக்கிய படம் ஒன்று அனுப்புங்கள். இங்கே என் அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது. உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். மேசை துடைக்கத்தான். ஆனால் துவைக்காமல் அனுப்புங்கள்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி